பம்பாயில் குடிக்கூலி

1940ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவில் இரண்டாவது உலகப் போர் மூண்டு சரியாக ஓராண்டு நிறைந்திருந்தது. பம்பாய் நகரத்து மக்கள் அந்த நாளை மற்றொரு விடுமுறை நாளாகவே கழித்திருக்க வேண்டும். ஆயினும் அந்த ஒரு நாள் அந்நகரத்தின் வீட்டு வாடகையை ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் ஆண்டுவந்தது. அன்றைய தினம் ஓர் அறைக்கு என்ன வாடகை வழங்கிற்றோ, அதுவே அவ்வறைக்குரிய நிர்ணய வாடகை என்று பின்னர் எழுந்த சட்டம் வகுத்துவிட்டது. போர் ஓய்ந்தது, அந்நியர் ஆட்சி அகன்றது, நகரத்தின் பெயர்கூட 1995இல் மும்பை என்று மாறியது. அந்த வாடகை மட்டும் மாறவில்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது, இதனால் நிழல் பெற்றவர் யாவர், வெயிலில் நின்றவர் யாவர் என்பதை இங்கு நாம் சற்று ஆராய்வோம்.

குடிக்கூலி என்பது நம் முன்னோர் வழங்கிய நல்ல சொல். வாடகை வண்டிக்கும் உண்டு, பந்தலுக்கும் உண்டு, பாத்திரத்துக்கும் உண்டு. குடிக்கூலியோ குடியிருத்தலுக்கே உரியது. வண்டியை வாடகைக்கு எடுத்தவன் வேலை முடிந்ததும் அதை விட்டுவிடுகிறான். வீட்டை எடுத்தவனோ அங்கே பிள்ளை பெறுகிறான், பெற்றோரை இழக்கிறான், பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் பக்கத்துக் கடைக்காரரையும் தன்னுடையவர்களாக்கிக்கொள்கிறான். மற்றப் பண்டங்களுக்குரிய சட்டம் வீட்டுக்குப் போதாது என்று அரசாங்கங்கள் கருத நேர்ந்ததற்கு இதுவே அடிப்படை.

பம்பாயில் 1850களில் தொடங்கிய நூற்பாலைகள் அந்நூற்றாண்டு முடிவதற்குள் நகரத்தின் வடபாகம் முழுவதும் புகைபோக்கிகளை எழுப்பிவிட்டன. இரத்தினகிரி முதலிய கொங்கணப் பகுதிகளிலிருந்தும் தக்காணத்து வறண்ட ஊர்களிலிருந்தும் ஆடவர் கூட்டம் கூட்டமாக வந்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுப் பலர் சேர்ந்து ஓர் அறையை எடுத்துக்கொண்டார்கள். பகல் முறைக்காரர் வேலைக்குப் போன பின் இரவு முறைக்காரர் அதே பாயில் படுப்பதும் உண்டு. இவர்களுக்கென எழுந்தவையே 'சால்' என்று அங்கே வழங்கும் கட்டடங்கள். மூன்று நான்கு மாடி. மாடிதோறும் ஒரு நீண்ட தாழ்வாரம். தாழ்வாரத்தில் வாயில் வைத்த ஒற்றை அறைகள். கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் குழாயும் கழிப்பிடமும். நம் ஊர்களில் ஒண்டுக்குடித்தனம் என்கிறோமே, அதையே அடுக்கடுக்காக மேலே ஏற்றினாற்போன்ற அமைப்பு.

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றியதை டாக்டர் அகாசியோ வீகாஸ் கண்டறிந்தார். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியான வீடுகளே நோய் பரவக் காரணம் என்று அரசாங்கம் எண்ணியது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. அது குறுகிய சந்துகளை இடித்து அகன்ற சாலைகளைப் போட்டது. ஆனால் இடித்த அளவுக்கு உடனே கட்டித் தரவில்லை. குடியிழந்தவர்கள் பக்கத்துச் சந்திலேயே இன்னும் நெருக்கமாக ஒண்டிக்கொண்டார்கள். சாலை அகன்றது, அறை குறுகியது.

வாடகையில் சட்டம் முதன்முதலாகத் தலையிட்டது முதல் உலகப் போரின்போதாகும். போரினால் ஆலைகளுக்கு வருமானம் பெருகிற்று; ஆட்கள் மேலும் வந்தனர்; இரும்பும் கட்டடச் சாமான்களும் கிடைக்காமையால் புதிய வீடுகள் எழவில்லை. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றலாயினர். பிரிட்டனில் இதே நிலைமையில் கிளாஸ்கோ நகரத்து மக்கள் வாடகை கொடுக்க மறுத்துக் கிளர்ச்சி செய்ததன் பேரில் 1915இல் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று பிறந்திருந்தது. பம்பாய் அரசாங்கம் 1918இல் அதைப் பின்பற்றியது. 1916ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி வாடகையே அளவாக வைக்கப்பட்டது. இரண்டாண்டு தொடர்ந்து கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் அவ்வாறே சட்டங்கள் வந்தன. 1920களின் இறுதியில் பம்பாயின் அந்தச் சட்டம் ஓய்ந்துபோயிற்று. கட்டுப்பாடு அகன்றது, புதிய கட்டடங்களும் எழுந்தன. இதை நாம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடிக் காலத்துச் சட்டம் நெருக்கடி தீர்ந்ததும் விலகிக்கொண்ட ஒரே தடவை அதுதான்.

அதே காலத்தில் கவர்னராக இருந்த சர் ஜார்ஜ் லாயிட், அரசாங்கமே வீடு கட்டி வாடகைக்கு விடும் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினார். நகருக்குள் வரும் ஒவ்வொரு பஞ்சுப் பேலுக்கும் ஒரு ரூபாய் தீர்வை விதித்து அதற்குப் பணம் திரட்டினார்கள். 50,000 ஒற்றை அறைகள் கட்டுவதாக நோக்கம்; கட்டி முடித்தவை ஏறத்தாழ 16,000. வொர்லி, நய்காவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய இடங்களில் இன்றும் அறியப்படும் அந்தக் கட்டடங்களில் அறை ஒன்றுக்கு 160 சதுர அடி. சுவரெல்லாம் கான்கிரீட்; வெயிலில் சூளைபோல் காய்ந்தன. ஆலைத் தொழிலாளியின் கைக்கு வாடகை எட்டவில்லை. ஆலைகளும் தொலைவில் இருந்தன. ஆகவே பல அறைகள் வெகுகாலம் காலியாகக் கிடந்தன. வீடற்றோர் நிறைந்த நகரத்தில் காலி வீடுகள்! இந்த விந்தையைப் பின்னரும் நாம் சந்திப்போம்.

இவ்விடத்தில் தென்னாட்டவரைப் பற்றிச் சிறிது சொல்வது பொருந்தும். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு 1920களிலும் 1930களிலும் பம்பாய்க்கு இரயிலேறிய தமிழர் பலர் மாதுங்காவில் குடியேறினர். மாதுங்கா மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு வகுத்த பகுதி. அங்கே எழுந்த வீடுகளில் சமையலறையும் கழிப்பிடமும் குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனியாக அமைந்தன. சாலில் வாழ விரும்பாத நடுத்தர வகுப்பாருக்கு அது பெரும் ஆறுதல். 1932இல் தென்னிந்தியர் கல்விச் சங்கம் அங்கே தோன்றியது. கோயிலும் காய்கறிக் கடையும் காப்பிக் கடையும் தாமே தொடர்ந்தன. இவர்களிற் பெரும்பாலோர் குடிக்கூலிக்கு இருந்தவர்களே. அலுவலகத்துக் குமாஸ்தாவுக்குச் சொந்த வீடு என்பது ஓய்வு பெற்றபின் ஊரில் கட்டவேண்டிய ஒன்று. பம்பாயில் இருப்பது மாதாந்தர ஏற்பாடு. அந்த மாதாந்தர ஏற்பாடு பேரன் காலம்வரை நீளும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நீளச் செய்தது இரண்டாவது போர். 1939இலேயே பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு மீண்டும் வந்துவிட்டது. 1944இல் மற்றொரு சட்டம் வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி 1947இல் நிறைவேறி, 1948 பிப்ரவரி 13ஆம் தேதி அமலுக்கு வந்ததே புகழ்பெற்ற பம்பாய் வாடகைச் சட்டம். நாடு பிரிவினைப்பட்டுச் சிந்துவிலிருந்து அகதிகள் வந்திறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வீடு கிடைத்தவர் வீட்டை விட்டால் மறுபடி கிடைக்காது என்ற நிலை. ஆகவே சட்டம் குடியிருப்போரின் பக்கம் உறுதியாக நின்றதில் வியப்பில்லை. நிர்ணய வாடகையைக் கொடுத்துவரும் வரையில் ஒருவரைக் காலி செய்விக்க இயலாது. வாடகைப் பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், அண்டை வீட்டாருக்குத் தொல்லை முதலான காரணங்கள் இருந்தாலன்றி வழக்குத் தொடரவே வழியில்லை. வீட்டுக்காரர் தமக்கே உண்மையாகத் தேவை என்று மெய்ப்பித்தாலும், வெளியேற்றுவதனால் குடியிருப்பவருக்கு விளையும் துன்பம் அதிகமா, வெளியேற்றாமையால் வீட்டுக்காரருக்கு விளையும் துன்பம் அதிகமா என்று நீதிமன்றம் நிறுத்துப் பார்க்க வேண்டும். குடியிருந்தவர் இறந்தால் உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை செல்லும்.

இந்த ஷரத்துகளை இன்று வாசிக்கும்போதும் அவற்றிலுள்ள அறவுணர்வு நமக்குப் புலனாகிறது. மாத முடிவில் சாமான்களைத் தெருவில் எறிந்துவிடுவார்களோ என்ற அச்சமின்றி இலட்சக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. ஆலைத் தொழிலாளியின் மகன் ஆசிரியனானதற்கும் குமாஸ்தாவின் மகள் மருத்துவரானதற்கும் கிர்காவிலும் பரேலிலும் மாதுங்காவிலும் நிலைத்து நின்ற அந்த ஓரறை, ஈரறை வீடுகள் பெருந்துணை புரிந்தன. இதைச் சிறிதாக மதிப்பது நியாயமாகாது.

ஆனால் பாதுகாப்பு ஒன்று. உறைந்த விலை மற்றொன்று. அரிசியும் சீமை ஓடும் கொத்தனார் கூலியும் ஏறிக்கொண்டே போயின. நகராட்சி வரி உயர்ந்தால் அதைச் சேர்த்துக்கொள்வது போன்ற சிறு உயர்வுகளுக்குச் சட்டத்தில் இடமிருந்தது. மற்றபடி 1940இன் வாடகையே நிலைத்தது. சட்டமோ பெயரளவில் தற்காலிகமானது. காலம் முடியும்போதெல்லாம் சட்டசபை அதை நீட்டித்தது. குடியிருப்போர் பலர், வீட்டுக்காரர் சிலர் என்னும் கணக்கை எந்தக் கட்சியும் மறக்கவில்லை.

சட்டம் ஒரு விலையை மறைத்தால் அது வேறொரு வாயில் வழியே உள்ளே வரும். பம்பாயில் அவ்வாயிலுக்குப் 'பக்டி' என்று பெயர். தலைப்பாகை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். மாதம் இருபது ரூபாய் வாடகையுள்ள வீட்டை விட்டுச் செல்பவர், புதிதாக வருபவரிடம் ஆயிரக்கணக்கில் ரொக்கம் பெற்றுக்கொள்வார். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்குப் போகும். அவர் புதியவர் பெயருக்கு வாடகை ரசீதை மாற்றித் தருவார். கல்கத்தாவில் இதையே 'செலாமி' என்றார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவ்வாறு வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். குற்றம் என்பதை அறியாதவர் ஒருவருமில்லை. கொடுக்காதவரும் மிகச் சிலரே. மாதாமாதம் வரும் அந்த ரசீது இவ்வாறு ஒரு சொத்துப் பத்திரமாகவே ஆகிவிட்டது. அதை நகைப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டை விற்கிறார், சொந்தக்காரர் தரகு போல் ஒரு பங்கு பெறுகிறார் என்பது ஒரு தலைகீழ் ஏற்பாடு.

முழுச் செலவையும் தாங்கியது கட்டடம். கடற்காற்று இரும்பைத் தின்னும். ஜூன் மழை சுண்ணாம்புச் சுவரை ஊறவைக்கும். மரத் தூண்களைக் கறையான் அரிக்கும். அத்தனைக்கும் ஆண்டுதோறும் செப்பம் வேண்டும். வருகிற வாடகை சுண்ணாம்படிக்கவும் போதவில்லை என்றார் வீட்டுக்காரர். வீடு என்னுடையதன்று, நான் ஏன் செலவிட வேண்டும் என்றார் குடியிருப்பவர். இருவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. கூரை மட்டும் ஒழுகிற்று. மழைக்காலங்களில் கட்டடங்கள் சரிந்து உயிர்கள் மடியவே, 1969இல் மகாராஷ்டிர அரசாங்கம் பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. பழைய கட்டடங்களின் மீது ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு வாரியமே அவற்றைச் செப்பனிட ஏற்பாடாயிற்று. ஏறத்தாழ 19,600 கட்டடங்கள் அதன் பொறுப்பில் வந்தன. அவற்றுள் முதல் வகுப்பு எது தெரியுமா? 1940 செப்டம்பர் முதல் தேதிக்கு முன் கட்டியவை! அதே நாள் இங்கேயும் எல்லைக்கல்லாக நின்றது. வாரியத்தார் ஆண்டுதோறும் மழைக்கு முன் மிக அபாயமான கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறார்கள். பட்டியலில் இடம்பெற்றவர்கள் வெளியேறத் தயங்குகிறார்கள். தற்காலிக முகாம் தொலைவில் இருக்கும். திரும்பி வரும்போது தம் அறை தமக்குண்டா என்ற ஐயமும் இருக்கும். 2017 ஆகஸ்டு 31ஆம் தேதி பெண்டி பஜாரில் பழைய கட்டடம் ஒன்று காலை நேரத்தில் இடிந்து வீழ்ந்ததில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இனி, புதிதாக வந்தவன் கதி என்ன? ஏற்கெனவே வீடு வைத்திருந்தவரைச் சட்டம் காத்தது. நேற்று இரயிலிலிருந்து இறங்கியவனுக்கு அது கதவைத் திறக்கவில்லை. ஒருவரைக் குடியேற்றினால் பரம்பரைக்கும் வெளியேற்ற முடியாது என்று அஞ்சியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கொரு மாற்றுவழியை வழக்கறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். குடியிருப்பவரைக் குடியிருப்பவர் என்று அழையாமல், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் கண்டபடி 'அனுமதி பெற்றவர்' என்று எழுதிக்கொண்டார்கள். அனுமதி பெற்றவருக்கு வீட்டின்மேல் உரிமை எதுவும் எழாது. சில ஆண்டுகள் இந்தத் தந்திரம் பலித்தது. 1973இல் சட்டசபை ஒரு திருத்தம் செய்து, அவ்வாண்டு பிப்ரவரி முதல் தேதி அத்தகைய அனுமதியின் பேரில் வீட்டில் இருந்தவர் அனைவரையும் குடித்தனக்காரராகவே கருத வேண்டும் என்று வகுத்தது. உள்ளே இருந்தவர்கள் ஒரே இரவில் காப்பாற்றப்பட்டார்கள். வெளியே இருந்தவர்களுக்குக் கதவு மேலும் இறுகிற்று. வாடகைக்கு விடுவதைவிடப் பூட்டி வைப்பதே மேல் என்று பலர் முடிவு செய்தார்கள். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு எடுத்தபோது இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம் வீடுகள் காலியாக இருக்கக் காணப்பட்டன. காலியாகக் கிடந்தமைக்கு வாடகைச் சட்டம் ஒன்றே காரணமன்று. நிலத்தை வாங்கிப் போட்டு விலையேறக் காத்திருப்பவர்களும் உண்டு. ஆயினும் 1961இல் நகரக் குடும்பங்களில் நூற்றுக்கு 54 வாடகை வீட்டில் இருந்தன. 2011இல் நூற்றுக்கு 28க்கும் குறைவு.

நீதிமன்றத்தின் கண் இதன்மேல் விழ வெகுகாலம் ஆயிற்று. 1997 டிசம்பர் 19ஆம் தேதி மல்பே விசுவநாத ஆசார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1940இன் அளவில் வாடகையை உறையவைத்தது அக்காலத்துக்கு நியாயமாக இருந்திருக்கலாம். காலப்போக்கில் அது நியாயமற்றதாகிவிட்டது என்றனர் நீதிபதிகள். எனினும் சட்டம் 1998 மார்ச்சில் காலாவதியாக இருந்தமையாலும், புதிய சட்டம் வரும் என்று எதிர்பார்த்தமையாலும் அதை அவர்கள் இரத்துச் செய்யவில்லை. பழைய சட்டம் மறுபடி நீட்டிக்கப்பட்டது! இறுதியாக 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் வாடகையை ஏற்ற அது இடமளித்தது. வங்கிகளும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனமுள்ள கம்பெனிகளும் அதன் பாதுகாப்பிலிருந்து நீக்கப்பட்டன. பக்டி சட்டப்படி செல்லும் என்றாயிற்று. அரை நூற்றாண்டு குற்றமாக இருந்தது ஒரு கையெழுத்தில் வழக்கமாகிவிட்டது. நூற்றுக்கு நான்கு என்பது பெரிதாகத் தோன்றலாம். முப்பது ரூபாயின் மீது அது ஒன்றேகால் ரூபாய்கூட ஆகாது.

டெல்லியின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1995இல் பாராளுமன்றம் புதிய வாடகைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பழைய வாடகையில் கடை வைத்திருந்த வணிகர்கள் எதிர்த்தமையால் அது அமலுக்கு வரவே இல்லை. சென்னையில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, உடன்படிக்கையையே அடிப்படையாகக் கொண்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 2021 ஜூனில் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்து, குடியிருப்பு வீடுகளுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்று அதில் எழுதியது. வீடு மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது; ஆகவே மாதிரியை ஏற்பதும் விடுவதும் அவற்றின் விருப்பம்.

பம்பாயின் பழைய குடித்தனக்காரர்கள் தேசத்துக்கே பொதுவான ஒரு கேள்வியையும் எழுப்பிவிட்டார்கள். வாரியத்தின் பொறுப்பிலுள்ள கட்டடத்தில் குடியிருப்போரில் நூற்றுக்கு எழுபது பேர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால், மாத வாடகையின் நூறு மடங்கை ஈடாகக் கொடுத்து அக்கட்டடத்தை அவர்களுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று 1986இல் ஒரு விதி பிறந்தது. உறைந்த வாடகையின் நூறு மடங்கு, நகர நடுவிலுள்ள நிலத்துக்கு! வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். தனியார் சொத்து யாவும் சமுதாயத்தின் பொருள் வளமாகுமா என்னும் அரசியல் சட்ட வினாவாக அது வளர்ந்து, ஒன்பது நீதிபதிகள் முன் சென்றது. அவ்வாறு எல்லாவற்றையும் கொள்ள இயலாது என்று பெரும்பான்மையோர் 2024 நவம்பர் 5ஆம் தேதி விடை கூறினர். வழக்குத் தொடுத்து முப்பதாண்டுக்கு மேலாகியிருந்தது.

வொர்லியில் லாயிட் காலத்துக் கட்டடங்கள் இப்போது இடிபட்டுவருகின்றன. 160 சதுர அடி அறையில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பங்களுக்கு அதே நிலத்தில் 500 சதுர அடி வீடு, இலவசமாக, சொந்தமாகவே கிடைக்கிறது; முதல் தொகுதியினர் 2025 ஆகஸ்டில் சாவி பெற்றனர். அதே தெருவில் இன்று குடிக்கூலிக்கு வருகிற இளைஞர் கையெழுத்திடுவது பெரும்பாலும் பதினொரு மாத அனுமதிப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறியதனால் தோன்றிய கணக்கு அந்தப் பதினொன்று. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராஷ்டிரத்தில் எந்தக் காலத்துக்கானாலும் அப்பத்திரத்தைப் பதிந்தே ஆக வேண்டும். இருந்தும் பதினொன்று என்ற எண் வழக்கத்தில் நின்றுவிட்டது. பத்தாம் மாதம் பிறந்ததும் அவர் தரகரைத் தேடிப் போகிறார்.